நாடகத்தை நிறுத்தச் சொல்கிறார்களா? கேளுங்கள்

பாலக்கோடு: அண்ணா, ராமாயணத்தை வைத்து ஒரு கிண்டல் நாடகம் போடுகிறோம். ஸ்கிரிப்டை முன்கூட்டியே போலீசிடம் காட்ட வேண்டுமா?

முன்பு காட்ட வேண்டியிருந்தது. எம்.ஆர். ராதா இதே ராமாயணத்தைக் கிண்டலடித்ததால்தான் 1954இல் தமிழ்நாடு நாடகச் சட்டமே வந்தது. நாடகக்காரரும் பத்திரிகையாளருமான ஞாநி போட்ட வழக்கில் 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்றுவிட்டது, வெள்ளைக்காரன் 1876இல் போட்ட நாடகச் சட்டமும் 2018இல் போய்ச் சேர்ந்தது. மைக் செட்டுக்கும் பொது இடத்துக்கும் அனுமதி தனி, அதை வாங்கித்தான் ஆகணும்.

பென்னாகரம்: யாரோ போனில் மிரட்டினார்களாம், மண்டபக்காரர் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்போதைய சென்சார் இந்த போன்தான் தம்பி. சட்டப்படி தடுக்க வழியில்லை என்று தெரிந்ததும் கண்ணாடி உடையும் என்று மண்டபக்காரரைப் பிடிக்கிறார்கள், அவரைக் கோபித்துப் பிரயோஜனமில்லை. போலீஸ் என்ன செய்கிறது என்று பாருங்கள். எங்கள் நாடகக் குழுவிடம் ஒரு அதிகாரி "போடவேண்டாம்னு நான் சொல்லல, பாத்துக்கோங்க" என்றார். சரி சார், அதை எழுத்தில் கொடுங்கள் என்றோம், கடைசிவரை கொடுக்கவில்லை, நாடகம் நடந்தது. மிரட்டல் வருகிறது என்பதற்காகக் கருத்துச் சுதந்திரத்தை அடக்க முடியாது, பாதுகாப்பு கொடுப்பது அரசின் வேலை என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே ரங்கராஜன் வழக்கில் சொன்னது. அது சினிமா வழக்கு, ஆனாலும் பாதுகாப்பு கேட்கும் மனுவில் எழுதுங்கள்.

ஊத்தங்கரை: மதத்தைப் புண்படுத்தியதாக வழக்கு போட்டால்?

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 295ஏ பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 299. மூன்று வருடம் வரை தண்டனை, அதனால் விளையாட்டாக எடுக்காதீர்கள். ஆனால் வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு செய்ததாக நிரூபிக்கணும், யாரோ மனம் நொந்தார் என்பது மட்டும் போதாது. ஸ்கிரிப்ட், முழு வீடியோ இரண்டையும் பத்திரமாக வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றுவது எப்போதும் வெட்டின அரை நிமிடம்தான்.

அரூர்: தெருக்கூத்தில் கோமாளியா வர்ற கட்டியங்காரன் சாமியையே கிண்டல் பண்றான், அதுக்கு யாரும் வரலையே?

திரௌபதி அம்மன் கோயில் முன்னாலேயே பண்றான்! எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் விடிய விடியப் பார்க்கிறவர்கள், எந்த இடத்தில் சிரிக்கணும் என்று அவர்களுக்குத் தெரியும். நம்மைத் தடுக்க வருகிறவர்களிடம் எத்தனை காட்சி பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

ஓசூர்: இந்து அமைப்புகள் மட்டும்தான் மிரட்டுவதுபோலப் பேசுகிறீர்களே?

நம் பக்கம் போன் பண்ணுவது அவர்கள்தான், அதனால். மற்றபடி 2004இல் பர்மிங்காமில் சீக்கியப் பெண் ஒருவர் எழுதிய 'பெஹ்ஸ்தி' நாடகத்தை சீக்கியர்களே கல்லெறிந்து நிறுத்தினார்கள். அங்கேயும் கண்ணாடிதான் உடைந்தது.