தரவுத்தளத்தின் பெயரை மாறியில் கொடுக்கலாமா?

எஸ்கியூஎல் சர்வரில் ‘கிரியேட் டேட்டாபேஸ்’ என்றெழுதி, பக்கத்தில் @கிளை என்று மாறியைப் போட்டால் 102ஆம் எண் பிழை வருகிறதே? (செந்தூல்)

வரத்தான் செய்யும். மதிப்பு வரும் இடத்தில் மாறி செல்லும். பெயர் வரும் இடத்தில் செல்லாது. முழுக் கட்டளையையும் ஓர் என்வார்கேர் (யூனிகோட் எழுத்துகளை ஏற்கும் வகை) மாறியில் சரமாகக் கோத்து, ‘எஸ்பி_எக்ஸிகியூட்எஸ்கியூஎல்’ வழியாக ஓட்டுங்கள். கோக்கும்போது பெயரைக் ‘கோட்நேம்’ (QUOTENAME) சார்புக்குள் கொடுத்துவிட்டால், ‘பினாங்கு-2’ போல நடுவில் கோடுள்ள பெயரும் சதுர அடைப்புக்குள் பத்திரமாகிவிடும். பெயரோடு வேறு கட்டளையைச் செருகப் பார்ப்பவரின் வேலையும் பலிக்காது. சரத்தை ஓட்டும் ‘எக்ஸெக்’ (EXEC) கட்டளையின் அடைப்புக்குள்ளேயே கோட்நேமை எழுதாதீர்கள், மறுபடி அதே தொடரமைப்புப் பிழைதான்.

தரவுத்தளக் கோப்பின் பாதையையும் சரத்தில் கோத்தால், அதற்குக் கோட்நேம் வேண்டாம். 128 எழுத்தைத் தாண்டினால் அது ‘நல்’ (NULL, மதிப்பே இல்லை) என்று தரும். ஒரு ‘நல்’ கலந்தாலே மொத்தச் சரமும் ‘நல்’. பிழைச்செய்தியும் வராது, தரவுத்தளமும் வராது. பாதையிலுள்ள ஒற்றை மேற்கோளை ‘ரீப்ளேஸ்’ கொண்டு இரட்டித்தாலே போதும். ஓட்டுமுன் சரத்தை ஒருமுறை ‘பிரிண்ட்’ செய்து பாருங்கள். பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

‘கோ’ (GO) வரியைத் தாண்டினால் மாறியை அறிவிக்கவே இல்லை என்கிறது, பிழை 137. (பட்டர்வொர்த்)

‘கோ’ எஸ்கியூஎல் கட்டளையே அல்ல; அதுவரை உள்ளதை ஒரு தொகுப்பாகச் சர்வருக்கு அனுப்பச் சொல்லும் குறி. தொகுப்பு முடிந்தால் மாறியும் போச்சு. இதற்கு எஸ்கியூஎல்சிஎம்டி (ஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டும் கட்டளைவரிக் கருவி) மாறிதான் தோது. [$(கிளை)] என்று எழுதினால், சர்வருக்குப் போகுமுன்பே அங்கே பெயர் வந்து உட்கார்ந்துவிடும். மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவில் ‘கொரி’ (Query) மெனுவில் ‘எஸ்கியூஎல்சிஎம்டி மோட்’டை இயக்குங்கள்.

கோலாலம்பூர் கிளைக்கும் பினாங்குக் கிளைக்கும் ஒரே ஸ்கிரிப்ட் என்றால், எஸ்கியூஎல்சிஎம்டியை ஓட்டும்போது பெயரை ‘-வி’ மூலம் வெளியிலிருந்து கொடுக்கலாம். ஆனால் ஸ்கிரிப்டுக்குள் ‘:செட்வார்’ வரி கிடந்தால் அதன் சொல்தான் எடுபடும், ‘-வி’ எடுபடாது. அந்த வரியை நீக்கிவிடுங்கள்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளில், தரவுத்தளம் உருவாக்கும் கட்டளையை ‘டூ’ (DO) பிளாக்குக்குள் எழுதிப் பார்க்கலாமா? (பாயான் லெப்பாஸ்)

ஆகாது. ‘டூ’ பிளாக் ஒரு பரிவர்த்தனைக்குள்தான் ஓடும்; தரவுத்தள உருவாக்கத்தை அங்கே பரிவர்த்தனைக்குள் ஓட்ட முடியாது. போஸ்ட்கிரெஸின் கட்டளைவரிக் கருவியான பிஎஸ்கியூஎல்லில் :"கிளை" என்றெழுதி, ‘-வி’ மூலம் பெயர் கொடுத்து, ‘-எஃப்’ போட்டுக் கோப்பாக ஓட்டுங்கள். கட்டளையை நேரடியாகக் கொடுக்கும் ‘-சி’யில் மாறி விரியாது.

எஸ்கியூஎல் சர்வரில் தமிழிலேயே பெயர் வைத்தேன், ???? என்று வந்தது. (பிரிக்பீல்ட்ஸ்)

மாறி என்வார்கேராக இருந்தால் மட்டும் போதாது. சரத்தின் மேற்கோளுக்கு முன்னால் ‘என்’ (N) எழுத்தும் வேண்டும்.