பெங்களூர் வந்து இரண்டே மாதம்: அட்வான்ஸுக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: என் வயது 24, சொந்த ஊர் கோவில்பட்டி. எலக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. கைக்கு வரும் சம்பளம் 42,000 ரூபாய். நகைக்கடனை அடைக்க அம்மாவுக்கு 12,000 அனுப்புகிறேன். பி.டி.எம். லேஅவுட்டில் சாப்பாட்டுடன் 11,000 ரூபாய்க்கு பி.ஜி. விடுதியில் தங்கியிருக்கிறேன். இந்த ஊரில் எதைத் தொட்டாலும் விலை. என் வயதுக்காரர்கள் மட்டும் எப்படி இவ்வளவு வசதியாக இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. எனக்கோ இதுவரை ஒரு ரூபாய் மிஞ்சவில்லை. உடன் வேலை செய்யும் தோழி 28,000 வாடகையில் ஒரு வீடு பார்த்திருக்கிறாள். வாடகையில் ஆளுக்குப் பாதி, அட்வான்ஸ் 1,50,000. என் பங்குக்கும் கட்டில், பிரிட்ஜுக்குமாக ஒரு லட்சம் பர்சனல் லோன் எடுக்கலாமா? வாடகை ரசீது காட்டினால் வரியும் மிச்சமாகும் என்கிறாள்.

பதில்: வேண்டாம். வீடு எடுப்பதே தவறு என்று சொல்லவில்லை. இப்போது வேண்டாம், கடன் வாங்கி வேண்டவே வேண்டாம்.

அம்மாவுக்கு அனுப்பியது போக உங்களிடம் இருப்பது 30,000. பி.ஜி.க்குக் கொடுத்த பிறகு 19,000 நிற்கிறது. புது வீட்டில் வாடகைப் பங்கு 14,000, பராமரிப்புக் கட்டணம் சுமார் 2,000, சாப்பாட்டுக்குக் குறைந்தது 6,000. ஒரு லட்சத்தை 16 சதவீத வட்டியில் இரண்டு ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 4,900. எல்லாம் போக மிஞ்சுவது 3,100. அதற்குள் போக்குவரத்து, போன், மருந்து, தீபாவளிக்கு ஊர் டிக்கெட். முடியாது. துண்டு விழும் பணத்துக்கு கிரெடிட் கார்டைத் தேய்க்கத் தொடங்குவீர்கள். நான் பயப்படுவது அதற்குத்தான்.

அட்வான்ஸ் எப்படியும் திரும்பி வந்துவிடும் என்று நினைக்கலாம். பெங்களூரில் காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது பரவலான வழக்கம். உங்கள் பாதி 14,000. கடனுக்குக் கட்டும் வட்டி சுமார் 17,500. தோழி ஆறு மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் முழு வாடகையும் உங்கள் தலையில் விழும். பி.ஜி.யில் பிடிக்கவில்லையென்றால் முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம். வேலையில் நிரந்தரமாகாத இந்தக் காலத்தில் அந்தச் சுதந்திரம் விலைமதிப்பற்றது.

வரி விஷயத்தில் தோழி சொல்வது உங்களுக்குப் பொருந்தாது. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரியே இல்லை; சம்பளக்காரர்களுக்கு 75,000 நிலையான கழிவும் உண்டு. உங்கள் சம்பளம் அந்த வரம்புக்கு வெகு கீழே இருக்கிறது. இல்லாத வரியை வாடகை ரசீதால் எப்படி மிச்சப்படுத்துவது?

முதல் இரண்டு மாதக் கணக்கைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். மெத்தை, பக்கெட், ஆபீசுக்கு நல்ல செருப்பு, குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் எல்லாம் ஒரு முறைச் செலவுகள். வழி தெரியாத ஊரில் ஆட்டோவுக்கும் அள்ளிக் கொடுத்திருப்பீர்கள். 2025 ஆகஸ்டில் திறந்த மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் பி.டி.எம். லேஅவுட்டிலிருந்து சில்க் போர்டு வழியாக எலக்ட்ரானிக் சிட்டிக்கே போகிறது. அதைப் பழகிக்கொள்ளுங்கள். நான்காம் மாத வங்கிக் கணக்குதான் இந்த ஊரில் உங்களுக்கு உண்மையில் என்ன செலவாகிறது என்று காட்டும். மற்றவர்களின் வசதியைப் பார்த்து ஏங்காதீர்கள். அதில் எவ்வளவு தவணையில் ஓடுகிறது என்பது வெளியே தெரியாது.

சம்பளம் வந்த மறுநாளே 8,000 ரூபாய் ஆர்.டி.யில் (வங்கியின் மாதாந்திரத் தொடர் வைப்பு) போகும்படி செய்யுங்கள். ஆறு மாதத்தில் 48,000 சேரும். அதை அட்வான்ஸுக்கு எடுக்காதீர்கள். வேலை போனால் அடுத்தது கிடைக்கும்வரை தாங்க வேண்டிய பணம் அது. அம்மாவுக்கு அனுப்புவதைக் குறைக்க வேண்டாம். ஆனால் அந்த 12,000 வட்டிக்கே போகிறதா, அசலும் குறைகிறதா என்று ரசீதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள். வட்டி மட்டும் கட்டிவந்தால் நகை என்றைக்கும் திரும்பாது.

அடுத்த ஆண்டு வீடு பார்க்கும்போது ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். எத்தனை மாதம் கட்டாயம் இருக்க வேண்டும், பெயின்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள், கோடையில் டேங்கர் தண்ணீருக்கு யார் பணம் தருவது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். தோழியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அவர் வேறு ஆளைத் தேட அவகாசம் கிடைக்கும்.