கங்காணி கையில் துப்பாக்கி: ஹைட்டி பற்றி வாசகர் கேள்விகள்

கரீபியன் கடலில் பிரெஞ்சுக் காலனியாக இருந்து 1804இல் விடுதலை அடைந்த ஹைட்டியைப் பற்றி வந்த கேள்விகளில் சில.

வாசகி, மன்னார்குடி: தோட்டத்தை விட்டு நகரவே முடியாத அடிமைகள் 1791இல் ஒரே இரவில் எப்படித் திரண்டார்கள்?

ஒரே இரவில் திரண்டதாகத் தோட்ட முதலாளிகளுக்குத்தான் தோன்றியது. சான்-தொமாங் என்று பிரெஞ்சுக்காரர்கள் அழைத்த அந்தக் காலனியில் அப்போது சுமார் 5 லட்சம் அடிமைகள். வெள்ளையர் 30,000 பேர்தான். முதலாளிகளில் பலர் பாரிசில் இருந்தார்கள். அன்றாட வேலையை நடத்தியவர்கள் கங்காணிகள். கையில் சாட்டை இருந்தாலும் அவர்களும் அடிமைகள்தான். யார் எந்த வயலில் நிற்கிறார், வெட்டுக்கத்திகள் எங்கே வைக்கப்பட்டிருக்கின்றன, காவல் எப்போது தளரும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் சீட்டு வாங்கிக்கொண்டு அண்டைத் தோட்டத்துக்குப் போய் வரலாம். கோச்சு வண்டி ஓட்டியவர்கள் வார நாளிலும் ஊர் ஊராகப் போனார்கள். ஆகஸ்ட் 14, ஞாயிறு. வடக்குச் சமவெளியின் பல தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் லெனோர்மான் தெ மெசி தோட்டத்தில் கூடி முடிவெடுத்தார்கள். 22ஆம் தேதி இரவு தீ வைக்கப்பட்டது.

தீ ஏன் அவ்வளவு சேதம் செய்தது என்பதற்குச் சர்க்கரைத் தொழிலே காரணம். வெட்டிய கரும்பை ஓரிரு நாளுக்குள் பிழியாவிட்டால் சாறு புளித்துவிடும். அதனால் வயலை ஒட்டியே ஆலை, ஆலையை ஒட்டியே கொப்பரை வரிசை, அதன் பக்கத்திலேயே எரிபொருளாகக் காயவைத்த சக்கைக் கொட்டகை. கொட்டகையில் ஒரு கொள்ளி விழுந்தால் ஒரு பருவத்து முதலீடே போயிற்று. உருளைக்குள் கை சிக்கினால் வெட்டுவதற்கென்று ஆலைக்குள் ஒரு கத்தி தயாராக இருக்கும். அந்த ஆலையைக் கொளுத்த யாருக்கும் தனியாகப் பிரசாரம் தேவைப்பட்டிருக்காது. தலைவர்களில் ஒருவரான புக்மான் நவம்பரிலேயே கொல்லப்பட்டார். கிளர்ச்சி நிற்கவில்லை. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு கங்காணி இருந்தாரே!

வாசகர், வந்தவாசி: நெப்போலியனின் படையை வென்றது மக்களா, மஞ்சள் காய்ச்சலா?

இரண்டும்தான், ஆனால் ஒரு வரிசையில். 1802 பிப்ரவரியில் லெக்ளேர் தலைமையில் சுமார் 20,000 பேர் வந்து இறங்கினார்கள். மழைக்காலம் தொடங்கியதும் காய்ச்சல் அவர்களை வாரிக்கொண்டு போனது. நவம்பரில் லெக்ளேரும் இறந்தார். ஆனால் கொசுவால் ஊரைப் பிடித்து வைத்திருக்க முடியாது. கோடையில், அதுவரை காலனியை ஆண்டுவந்த முன்னாள் அடிமை துசான் லூவெர்த்தூர் கைதாகிக் கப்பலேற்றப்பட்டபின், அவருடைய தளபதிகள் தெசலினும் கிறிஸ்தோஃபும் சில மாதம் லெக்ளேருக்காகவே வேலை பார்த்து, கிராமத்தாரிடமிருந்து துப்பாக்கிகளைப் பிடுங்கினார்கள். பாடப்புத்தகங்கள் இதை மெல்லக் கடந்துவிடும். மலைகளில் சண்டையை விடாமல் வைத்திருந்தவை ஆப்பிரிக்காவில் பிறந்தவர்களின் சிறு குழுக்கள். பிரான்சின் இன்னொரு காலனியான குவாதலூப் தீவில், ஒழிந்துபோயிருந்த அடிமைமுறை திரும்புகிறது என்ற செய்தி பரவியபிறகு, அக்டோபரில்தான் தளபதிகள் கட்சி மாறினார்கள். விடாமல் போராடிய குழுத் தலைவர்களில் ஒருவர் சான்-சூசி. அவரை 1803இல் கொன்றவர்கள் கிறிஸ்தோஃபின் ஆட்கள். பிற்காலத்தில் கிறிஸ்தோஃப் கட்டிய அரண்மனைக்கும் சான்-சூசி என்றுதான் பெயர்.

வாசகர், பொள்ளாச்சி: அடிமையாகப் பிறந்த துசானே மக்களை மீண்டும் தோட்டத்துக்குள் அடைத்தார் என்கிறார்களே. பதவி மோகமா?

மோகம் இல்லை என்று சொல்ல முடியாது. 1801 அரசியல் சட்டம் அவரை ஆயுட்கால ஆளுநராக்கியது. வாரிசைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் தந்தது. ஆனால் அந்தப் பதிலோடு நிறுத்தினால், அவருக்குப் பின் வந்த அத்தனை பேரும் ஏன் அதையே செய்தார்கள் என்பது விளங்காது.

கணக்கைப் பாருங்கள். பிரான்ஸ் திரும்பி வரும் என்று துசானுக்குத் தெரியும். நிற்கும் படை வேண்டும். துப்பாக்கியும் வெடிமருந்தும் அமெரிக்க வணிகரிடம் வாங்க வேண்டும். வணிகர் கேட்டது சர்க்கரையும் காப்பியும். சர்க்கரைக்கு நூற்றுக்கணக்கான கைகள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் வேண்டும். விடுதலை பெற்ற குடும்பமோ ஒரு துண்டு நிலம், வாழை, மரவள்ளி, நாலு கோழி என்று ஒதுங்கிவிடும். ஆக, 1800 அக்டோபரில் ஆணை: உழவர்கள் பழைய தோட்டங்களுக்குத் திரும்ப வேண்டும், ஓடினால் படையை விட்டு ஓடிய சிப்பாய்க்கு உள்ள தண்டனை. கூலி, விளைச்சலில் கால் பங்கு. சாட்டைக்குத் தடை, அதன் இடத்தில் தடி.

ஆணையைவிடக் கெட்டிக்காரத்தனமான பூட்டு 1801 பிப்ரவரியில் வந்தது. நான்கைந்து குடும்பங்கள் பணம் சேர்த்துச் சிறு நிலம் வாங்கத் தொடங்கியிருந்தன. 50 காரோவுக்கு, அதாவது ஏறக்குறைய 160 ஏக்கருக்குக் குறைந்த எந்த நிலத்தையும் விற்கக் கூடாது என்று தடை போட்டார். ஏழைக்குக் கதவு அடைபட்டது. ஓடிப்போன முதலாளிகளின் தோட்டங்களைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் அவருடைய தளபதிகள். வேலையை மேற்பார்க்கும் அதிகாரியும் இலாபம் பெறும் குத்தகைக்காரரும் தண்டிக்கும் படைத்தலைவரும் ஒரே ஆள் என்று ஆனபின், யாரிடம் போய் முறையிடுவது? என் பார்வையில் அதிகாரம் அழுகியது இந்த மூன்று வேலையும் ஒரு கையில் சேர்ந்த இடத்தில்தான்.

1801 அக்டோபரில் வடக்கில் உழவர்கள் எழுந்தார்கள். துசான் மகன்போல வளர்த்த மொயிஸ் அவர்களின் பக்கம் என்று குற்றம் சாட்டப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். மூன்று மாதத்தில் லெக்ளேர் கரையேறியபோது, கிராமங்கள் துசானுக்காக முழுமனதோடு எழாததில் வியப்பில்லை.

வாசகி, நாகர்கோவில்: வென்ற நாடு தோற்ற நாட்டுக்கு இழப்பீடு கொடுத்ததா? எப்படி?

1825 ஜூலையில் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் தலைநகர் போர்த்தோப்ரேன்சுக்கு வந்தன, பத்தாம் சார்லஸ் மன்னரின் ஆணையோடு. அதில் ஹைட்டி என்ற பெயரே கிடையாது. ‘சான்-தொமாங்கின் பிரெஞ்சுப் பகுதி’தான். நிபந்தனை இரண்டு. முன்னாள் முதலாளிகளுக்கு 15 கோடி ஃபிராங்க், ஐந்து வருடாந்தரத் தவணையில். பிரெஞ்சுக் கப்பல்களுக்குத் துறைமுகத் தீர்வை பாதி.

இரண்டாவது நிபந்தனை முதலாவதைக் கட்ட முடியாமல் செய்யும். அரசின் வருவாயில் பெரும்பகுதி சுங்கம். அதைக் குறைத்துக்கொண்டே தவணைக்கு 3 கோடி கட்ட வேண்டும். எனவே பாரிசில் 3 கோடிக்குக் கடன் பத்திரம் விற்றார்கள். 1,000 ஃபிராங்க் பத்திரம் 800க்குத்தான் போனது. கைக்கு வந்தது 2.4 கோடி, 6 சதவீத வட்டியோ முழு 3 கோடிக்கு. அதாவது ஆண்டுக்கு 18 லட்சம், உண்மையில் 7.5 சதவீதம். முதல் தவணைக்கே 60 லட்சம் குறைந்தது; அதற்குக் கஜானாவைத் துடைத்தார்கள். 1838இல் மீதி 12 கோடியை 6 கோடியாகக் குறைத்து 30 ஆண்டுக்கு நீட்டினார்கள். கடனும் வட்டியும் தீர 1880கள் ஆயிற்று.

அதிபர் புவாயே ஏன் கையெழுத்திட்டார்? துறைமுகத்தில் நின்ற பீரங்கிகள் ஒரு காரணம். அங்கீகாரம் கிடைத்தால் வணிகர்களுக்கும் நிலம் வைத்திருந்த அதிகாரிகளுக்கும் பட்டா நிலைக்கும் என்பது இன்னொன்று. கட்டப்போவது காப்பி பறிப்பவர்கள்தானே.

வாசகர், காரைக்கால்: தமிழர்கள் ஹைட்டித் தோட்டங்களுக்குப் போனார்களா?

இல்லை. போனது பிரெஞ்சுத் தீவுகளான மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும். 1848இல் அங்கே அடிமைமுறை ஒழிந்தபின், 1850களிலிருந்து, புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகளாக.

வாசகி, திருச்சி: இத்தனைக்கும் பிறகு சாதாரண மக்கள் எதையாவது வென்றார்களா?

ஏற்றுமதிக் கணக்கே பதில் சொல்லும். பழுப்புச் சர்க்கரை 1789இல் 9 கோடி ராத்தலுக்கு, அதாவது பவுண்டுக்கு, மேல். துசான் ஆண்ட 1801இல் 2 கோடிக்குள். 1826இல் முப்பதாயிரத்துச் சொச்சம் ராத்தல்! அதே ஆண்டு புவாயே நாட்டுப்புறச் சட்டம் கொண்டுவந்தார்: திங்கள் முதல் வெள்ளி வரை அனுமதியில்லாமல் தோட்டத்தை விட்டு நகரக் கூடாது. கேட்பாரில்லை. அதற்கு முன், நாடு இரண்டாகப் பிரிந்திருந்தபோது, வடக்கில் கிறிஸ்தோஃப் மன்னராகி 8 டியூக்குகளையும் 22 கவுண்ட்டுகளையும் வைத்துக்கொண்டு பழைய முறையை இழுத்துப் பிடித்தார். 1820இல் படை கைவிட்டதும் தற்கொலை செய்துகொண்டார். தெற்கில் அதிபராக இருந்த பெத்தியோன் சிப்பாய்களுக்குச் சிறு நிலங்களைப் பிரித்துக் கொடுத்திருந்ததால் அங்கே கட்டாய வேலைக்கு ஆள் பிடிப்பது இன்னும் கடினம். காப்பி மட்டும் 1826இலும் 3 கோடி ராத்தலுக்கு மேல் போயிற்று. ஆலையும் கொப்பரையும் கங்காணியும் இல்லாமல், மலைச்சரிவில் ஒரு குடும்பமே பறித்துக் காயவைத்து விற்றுவிடலாம். அரசும் துறைமுகத்தில் அதன்மேல் வரியைப் போட்டு எடுத்துக்கொண்டது.