ஈரல் யார் இலையில்?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு ஹீமோகுளோபின் 9.4 தான். வாராவாரம் நாட்டுக்கோழி சூப் வைத்துக் கொடுக்கிறேன். "சத்தெல்லாம் சூப்பில் இறங்கிடும், கறி வெறும் சக்கை" என்கிறார் மாமியார். மகளும் கறியை ஒதுக்கிவிடுகிறாள். பிராய்லர் ஊசி போட்டு வளர்ப்பதாமே, கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் மாமியாரும் என் அப்பத்தாவும் ஒரே கட்சி. எங்கள் வீட்டில் கோழி அடித்தால் எனக்கு ஒரு டம்ளர் மிளகு சூப். கால் அண்ணனுக்கு. ஈரல் நேராகத் தாத்தா இலைக்குப் போய்விடும். சத்துணவு படிக்கப் போன பிறகுதான் கோபம் வந்தது: ரத்தம் குறைந்து கிடந்தவள் நான்தானே!

சூப்பில் இறங்குவது ருசி, உப்பு, கொஞ்சம் கொழுப்பு, எலும்பின் பசை. சளிக்கு இதம், பசியையும் தூண்டும். புரதம் பெரும்பாலும் கறியிலேயே நின்றுவிடுகிறது. தோலில்லாத, வெந்த நெஞ்சுக்கறி 100 கிராமில் சுமார் 30 கிராம் புரதம். நீங்கள் சக்கை என்று ஒதுக்குவது அதைத்தான்.

ஆனால் கறியில் இரும்புச்சத்து 100 கிராமுக்கு 1 மில்லிகிராம் அளவுதான். ஈரலில் கிட்டத்தட்ட 10. அதுவும் கீரையில் இருப்பதைவிட எளிதாக உடம்பில் சேரும் இரும்பு. சின்ன வெங்காயம், மிளகு போட்டு, உள்ளே சிவப்பு தெரியாமல் வதக்கி, எலுமிச்சை பிழிந்து கொடுங்கள். ஒரு கோழியின் ஈரல், வாரம் ஒருமுறை போதும். வைட்டமின் ஏ அதில் கொட்டிக் கிடப்பதால் தினமும் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு நான் எழுதித் தருவதே இல்லை. சாப்பிட்ட கையோடு டீ மட்டும் கூடாது.

பிராய்லர்? ஆயிரக்கணக்கான கோழிகளைத் தினமும் பிடித்து ஹார்மோன் ஊசி போட யாருக்கு நேரம்? தேர்ந்தெடுத்த இனமும் தீவனமும் சேர்ந்து நாற்பது நாளில் இரண்டு கிலோ ஆக்குகின்றன. ஆன்டிபயாடிக் பற்றிய கவலையில் நியாயம் உண்டு. புரதத்தில் நாட்டுக்கோழிக்கு இளைத்ததல்ல. தோலை உரித்து வாங்குங்கள்.

சரி, 9.4 சாப்பாட்டால் மட்டும் ஏறாது. மருத்துவரிடம் காட்டுங்கள். வயசுக்கு வந்துவிட்டாள் என்றால் மாதாமாதம் எவ்வளவு படுகிறது என்பதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அப்புறம், அரசுப் பள்ளி என்றால் வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். விழுங்குகிறாளா என்று அவள் பையை ஒருமுறை உதறிப் பாருங்கள்.