பட்டறை ரகசியத்தை நாலு பேருக்குக் காட்டினால் தொழில் போய்விடுமா?

கேள்வி: வெள்ளி, பித்தளைப் பாத்திரங்களில் கையால் எழுத்தும் பூவேலையும் வெட்டுகிறேன். இந்தத் தொழில் செய்கிறவர்கள் ஒன்றுகூடி, ஒருவர் வேலையை மற்றவருக்குச் செய்து காட்டும் கூட்டம் ஒன்றுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போனால் நம் தொழில் ரகசியம் வெளியே போய்விடாதா?

போங்கள். கண்டிப்பாகப் போங்கள்.

நீங்கள் பரம்பரைப் பட்டறைக்காரராகத்தான் இருக்க வேண்டும். வீட்டுப் பெரியவர்கள் 'வெளியே காட்டாதே' என்று சொல்லி வளர்த்திருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். எனக்கு அதற்கும் மேலே ஒரு படி. வீட்டுக்குள்ளேயே காட்டவில்லை. அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் கடந்துபோக மனசு வரவில்லை.

எனக்கு நாகர்கோவில் வடசேரி. வடசேரி என்றால் எல்லோருக்கும் கோயில் நகைதான் தெரியும். சிவப்புக் கெம்புக்கல் பதித்த ராக்கொடி, சூரியப்பிரபை, சந்திரப்பிரபை என்று பரதம் ஆடுகிற பிள்ளைகள் தலையில் வைப்பதெல்லாம் இங்கே செய்ததுதான். புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. எங்கள் வீட்டில் செய்தது அதுவல்ல, எழுத்து வெட்டு. குத்துவிளக்கு, உருளி, சருவம், கிண்டி, சீர்ப் பாத்திரம், கோயிலுக்கு உபயம் கொடுக்கிற மணி. எல்லாவற்றிலும் பேர் வெட்ட அப்பாவிடம்தான் வருவார்கள்.

அப்பா வெட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், ஒன்றும் சொல்ல மாட்டார். உளி தீட்டும்போது மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். பொம்பளப்பிள்ளை இன்னொரு வீட்டுக்குப் போகிறவள், வித்தை அங்கே போய்விடும் என்ற கணக்கு. அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்தார். அண்ணன் துபாய் போய் ஏசி மெக்கானிக் ஆனான். உளியைத் தொட்டு வருஷங்கள் ஆகின்றன.

அப்பாவைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. 1963இல் தங்கக் கட்டுப்பாடு வந்து, 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்றார்கள். 14 காரட்டில் தாலி செய்ய யார் வருவார்கள்? நாடு முழுக்கத் தட்டார்கள் வேலை இழந்தார்கள், சிலர் உயிரையே விட்டார்கள். தாத்தா தங்கத்தை விட்டுப் பித்தளைக்கு வந்தது அப்போதுதான். பிறகு 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுக்குத் தனிச் சட்டமே வந்தது, 1990இல்தான் எடுத்தார்கள். அத்தனை வருஷம் அடிபட்ட குடும்பம் கையில் மிச்சமிருந்ததைப் பொத்திக்கொண்டது. எனக்கு அது புரிகிறது. ஆனால் பொத்தி வைத்ததன் பலன், அப்பா போனபோது தீட்டுகிற வித்தையும் அவரோடு போயிற்று.

அதற்கப்புறம் நான்தான் பட்டறையில் உட்கார்ந்தேன். கண்ணால் பார்த்துப் பழகிய கை, நேர்க்கோடு எல்லாம் ஒழுங்காக வரும். ஆங்கிலத்தில் பேர் கேட்டால் பயமில்லை. தமிழில்தான் சிக்கல். நம் எழுத்தில் சுழியும் வளைவும் எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ழ, ண, ஞ, இ. ஒரு 'ழ' வெட்டினால் வளைவின் உள்பக்கம் பளிச்சென்று இருக்கும், வெளிப்பக்கம் மட்டும் நகத்தால் கீறியதுபோல மங்கலாக ஒரு தடம் விழும். பாத்திரம் கொடுத்தவர்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். அப்பா வெட்டிய பழைய விளக்கை எடுத்து வைத்துப் பார்ப்பேன், அதில் அந்தத் தடம் இருக்காது. கை நடுங்குகிறது போல என்று நினைத்துக் கொஞ்ச காலம் யோகா வகுப்புக்குக்கூடப் போனேன்.

அப்படி இருக்கும்போதுதான் உங்களைக் கூப்பிட்ட மாதிரி ஒரு கூட்டத்துக்குப் போனேன். நடந்தது கேரள எல்லையில் பாறசாலையில், ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில். களியக்காவிளை தாண்டினால் வந்துவிடும். மேடை, பொன்னாடை, குத்துவிளக்கேற்றல் ஒன்றும் கிடையாது. பந்தி மேசைகளைச் சேர்த்துப் போட்டு ஆளுக்கொரு விளக்கு, உருட்டித் திருப்புகிற வைஸ், சிலருக்கு மணல் நிரப்பிய தோல் மெத்தை. கைக்கு மேலே ஒரு கேமராவை வைத்துச் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள். கேரளத்து மான்னாரிலிருந்து ஓட்டுப் பாத்திரம் வார்க்கிற மூசாரிகள், திருவனந்தபுரம் சாலைத் தெருவிலிருந்து நகாசு வேலைக்காரர்கள், திருச்சூர் நகைப் பட்டறைப் பையன்கள், எங்கள் பக்கத்திலிருந்து கொஞ்சம் பேர். தமிழும் மலையாளமும் கலந்துதான் பேச்சு. எல்லை ஊர்களில் அது ஒரு விஷயமே இல்லை.

மான்னார் ஆசான் ஒருவர் காலையிலேயே வெண்கலத் தகட்டில் வெட்டிக் காட்டினார். நூறில் 78 பங்கு செம்பு, 22 பங்கு வெள்ளீயம். நீங்கள் வெள்ளியில் வேலை செய்கிறவர், வெள்ளி வெண்ணெய். வெண்கலம் அப்படியில்லை, உளி கொஞ்சம் மொட்டையானாலும் மேலே வழுக்கும், அழுத்தினால் முனை தெறிக்கும். அவர் வெட்டும் முன்னால் தீட்டினார். சுவரைப் பார்த்துத் திரும்பவில்லை. கேமராவுக்குக் கீழேயே கல்லை வைத்து, எண்ணெய் விட்டு, எல்லோரும் பார்க்கத் தீட்டினார்.

விஷயம் இதுதான். உளியின் முகத்தை 45 டிகிரியில் தீட்டுவது எல்லோருக்கும் தெரியும், கடினமான உலோகத்துக்கு 50க்கு மேலே ஏற்றுவார்கள். முனைக்கு நேர் அடியில், 15 முதல் 20 டிகிரி வரை இன்னொரு சின்னச் சரிவு உண்டு. ஹீல் என்று சொன்னார்கள். உளி உலோகத்துக்குள் முங்கிப் போகாமல் தூக்கிக் கொடுப்பது அதுதான். அந்தச் சரிவு நீளமாக இருந்தால் நேர்க்கோட்டில் ஒன்றும் தெரியாது. வளைவில் திரும்பும்போது முனை உள்ளே திரும்பிவிடும், பின்னால் வருகிற ஹீல் வளைவின் வெளிச்சுவரில் உரசும். அந்த மங்கல் தடம்! அந்த ஹீலைக் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மட்டும், அரை மில்லிமீட்டருக்கும் கம்மியாக வைத்து, கடைசியில் தோலில் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்க வேண்டும். ஹீல் மினுங்கினால் வெட்டு மினுங்கும். என் உளியை வாங்கிப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சிரித்தார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இத்தனை வருஷமாக என் கையில் ஒரு கோளாறும் இருந்ததில்லை.

தீட்டிக் கொடுத்துவிட்டு வெட்டச் சொன்னார். ஒரு 'ழ' போட்டேன். பாதியில் நிறுத்தி, "கை திரிக்கண்டா மோளே, பாத்திரம் திரிச்சா மதி" என்றார். கையைத் திருப்ப வேண்டாம் மகளே, பாத்திரத்தைத் திருப்பினால் போதும் என்று அர்த்தம். வலதுகைக் கட்டைவிரலைத் தகட்டில் ஊன்றி, உளியை ஒரே இடத்தில் நிறுத்திக்கொண்டு, இடதுகையால் வேலையைத் திருப்பி உளிக்குக் கொண்டுவர வேண்டும். இதை அப்பா செய்ததை நூறு தடவை பார்த்திருக்கிறேன். சாமானைச் சும்மா வசதிக்குத் திருப்புகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் கையைப் பிடித்துச் சொன்னால்தான் சில விஷயம் கண்ணில் படும். யூடியூப்பில் எல்லாம் இருக்கிறதே என்று யாராவது கீழே எழுதுவார்கள். இருக்கிறது, நானும் பார்த்தேன். உங்கள் உளி உங்கள் கையில் எங்கே தப்பாக இருக்கிறது என்று வீடியோ சொல்லாது.

திருச்சூர்ப் பையன் ஒருவன் காற்றழுத்தத்தில் அடிக்கிற கைப்பிடியைக் காட்டினான். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து எம்போரியா என்ற ஊரில் ஜிஆர்எஸ் என்ற கம்பெனி இந்த மாதிரிக் கருவிகளைச் செய்கிறது, கற்றுக்கொடுக்கப் பயிற்சிக்கூடமும் வைத்திருக்கிறது என்றான். சுத்தியல் வேலையைக் காற்று செய்கிறது, உளியைத் திருப்புவதும் ஆழம் பார்ப்பதும் கைதான். இதைக் கைவேலை என்று சொல்லலாமா என்று அங்கேயே ஒரு சண்டை வந்தது. என் கட்சி, சொல்லலாம். எவர்சில்வரில் கையால் தள்ளி ஒரு வரி வெட்டிப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். அது வெட்ட வெட்ட இறுகும், சாதாரண உளி முனை பட்டென்று போகும், கார்பைடு வேண்டும்.

மதியம் ஒருவர் தரிசாப்பள்ளிச் செப்பேட்டின் படத்தைப் பெரிதாகப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கொல்லத்தில் 849இல் வெட்டியது. வட்டெழுத்து, சாட்சிக் கையெழுத்துகள் மட்டும் கூஃபி என்கிற பழைய அரபு, பஹ்லவி என்கிற பழைய பாரசீகம், எபிரேயம் ஆகிய எழுத்துகளில். அந்த வளைவுகளை எப்படித் திருப்பி வெட்டியிருப்பார்கள் என்று பேசிப் பேசியே பாயசம் ஆறிப்போனது.

செப்பேடு என்றதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். எங்கள் மாவட்டத்து வீடுகளில் பழைய உருளி, வார்ப்பு, கோளாம்பி எல்லாவற்றிலும் வீட்டுப் பேரோடு கொல்லம் ஆண்டும் வெட்டியிருப்பார்கள். 1956இல் நாங்கள் தமிழ்நாட்டோடு சேருகிறவரை இது திருவிதாங்கூர்ப் பக்கம்தானே. '1120' என்றிருந்தால் அது 1944, 45 என்று எங்கள் பாட்டிகளுக்குத் தெரியும். பேரப்பிள்ளைகள் அதைப் பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போடுகிறார்கள். உங்கள் பாட்டியின் பேர் அது. ஒருவர் உட்கார்ந்து கையால் வெட்டியது. கிலோவுக்கு இத்தனை என்று அதை உருக்குகிறார்கள். இடமில்லை, தேய்த்துக் கழுவ முடியவில்லை என்று காரணம் சொல்கிறவர்கள் ஒரு போட்டோவாவது எடுத்துவிட்டுப் போடுங்கள். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். பாறசாலையில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கடைசிவரை பையைத் திறக்கவில்லை. யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை, நீங்களும் அப்படி இருக்கலாம், தப்பில்லை. ஆனால் உங்கள் வேலையைப் பறிக்கிறவர் அந்த மேசையில் இல்லை. பாத்திரக் கடை வாசலில் 'பேர் வெட்டு இலவசம்' என்று அதிர்கிற மெஷினை வைத்திருக்கிறவர் ஹீல் எத்தனை டிகிரி என்று கேட்டு வரப் போவதில்லை. தங்கத்தில் சின்ன எழுத்து வெட்டுகிறதும் லேசருக்குப் போய்விட்டது. 2023 ஏப்ரல் முதல் எச்யூஐடி என்கிற, நகைக்கு நகை மாறுகிற ஆறு எழுத்து அடையாளக் குறி இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக்கூடாது, அதைப் போடுவது லேசர்தான். மெஷினுக்கு நான் எதிரியில்லை, அவரவர் பிழைப்பு. மான்னார் ஆசானிடம் கற்றதால் அவர் வாடிக்கையாளர் ஒருவரும் என்னிடம் வரவில்லை. வெண்கலத்தில் தமிழ் எழுத்து கேட்டால் அவரே இப்போது எனக்கு அனுப்புகிறார்.

இந்தப் பதிலுக்கு எந்தக் கம்பெனியும் எனக்குக் கமிஷன் கொடுக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாக் கூட்டமும் இப்படியே இருக்கும் என்றும் சொல்லவில்லை. கருவி விற்கிறவர்கள் மட்டுமே பேசுகிற இடமாக இருந்தால் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

போகும்போது நீங்கள் தினமும் வெட்டுகிற உளியையே கொண்டு போங்கள், புதிதாகத் தீட்டாமல். ஒரு மில்லிமீட்டர் செம்புத் தகடு நாலு துண்டு, தீட்டுக்கல், பூதக்கண்ணாடி. நீங்கள் வெட்டியதில் உங்களுக்கே பிடிக்காத ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், நல்லதைக் காட்டினால் எல்லோரும் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அப்புறம், காலையிலேயே போய்விடுங்கள். தீட்டுவதைப் பெரும்பாலும் முதலிலேயே காட்டிவிடுவார்கள்.