‘எல்லாம் செய்றேன்’ என்கிற அம்மாவின் மூட்டுச் சிரமத்தைக் கணிப்பது எப்படி?

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 56 வயது, முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் என்ற மூட்டு நோய்). வீட்டிலேயே பீடி சுற்றுகிறார். வேலூரில் டாக்டர் கேட்டால் ‘எல்லாம் செய்றேன்’ என்றுவிடுகிறார். அவர் படும் சிரமத்தை எப்படி எடுத்துச் சொல்வது?

பதில்: அம்மா பொய் சொல்லவில்லை. நாள்பட்ட வலியோடு வாழ்பவர்கள் முடியாததைச் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்வார்கள். புடவை நைட்டியாகும், பின்னல் கொண்டையாகும், குடம் சின்ன பக்கெட்டாகும். கடந்த ஒரு வருடத்தில் இப்படிக் கைவிட்டவற்றை முதலில் எழுதுங்கள். டாக்டருக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் இல்லை.

அடுத்து, கூட இருந்து பாருங்கள். உடுத்துவது, எழுவது, சாப்பிடுவது, நடப்பது, குளிப்பது, மேலே எட்டி எடுப்பது, குழாய் திறப்பது, வெளிவேலை என ஒவ்வொன்றுக்கும் கடந்த ஒரு வாரத்தை வைத்து மதிப்பெண் போடுங்கள்: சிரமமில்லை 0, கொஞ்சம் சிரமம் 1, ரொம்பச் சிரமம் 2, முடியவில்லை 3. ஒருவர் கைகொடுத்தாலோ, கம்பு போன்ற துணை தேவைப்பட்டாலோ குறைந்தது 2. மூட்டுவாத சிகிச்சையில் 1980 முதல் புழங்கும் வினாப்பட்டியலின் முறை இது. இந்தியன் டாய்லெட்டில் குந்தி எழுவது, சம்மணம், பஸ் படி, ஈரப் புடவை பிழிவது ஆகியவற்றை நம் வீட்டுக்காகத் தனியே குறியுங்கள்.

காலையில் எழுந்ததும் ஒருமுறை, மாலை நாலு மணிக்கு ஒருமுறை பாருங்கள். வலி மாத்திரை போட்ட நேரம், காலை விறைப்பு எத்தனை நிமிடம் என்பதும் வேண்டும். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும். உதவக் கை நீட்டாதீர்கள், விழுவார் என்று தோன்றினால் மட்டும் பிடியுங்கள்.

பீடியில் கவனம் அதிகம் வேண்டும். கத்திரிக்கோலால் இலை வெட்டும்போது கட்டைவிரலின் அடியில் வலிக்கிறதா? சுருட்டும்போது விரல் நுனியிலிருந்து நழுவுகிறதா? நூல் கட்டும்போது மரத்துப்போகிறதா? வலி, பலக்குறைவு, நரம்பு அழுத்தம் மூன்றுக்கும் வைத்தியம் வெவ்வேறு. ‘கை சரியில்லை’ என்று மொத்தமாகச் சொன்னால் எதற்கும் வழி பிறக்காது.

மாற்றுத்திறனாளி சான்றிதழின் சதவீதம் வேறு கணக்கு. இந்த மதிப்பெண்ணை அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கழுத்து வலியோடு கையிலிருந்து பொருள் நழுவினாலோ, நடை தள்ளாடினாலோ குறிப்பெடுத்துக்கொண்டிருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். முடக்குவாதம் கழுத்தெலும்பின் மேல் மூட்டைத் தளர்த்தித் தண்டுவடத்தை அழுத்தக்கூடும்.