ஆயில் குடிக்கும் பழைய என்ஜின்: இறக்குவதற்கு முன்னால் என்ன பார்க்கலாம்?

கேள்வி: என்னுடையது 15 வருடப் பழைய பெட்ரோல் கார். 1,60,000 கி.மீ. ஓடியிருக்கிறது. 1,200 கி.மீ.க்கு ஒரு லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் நீலப் புகை வரும், அப்புறம் ஒன்றும் தெரிவதில்லை. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உள்ள அழுத்தம்) சரியாக இருக்கிறது என்று சொன்ன மெக்கானிக்கே, என்ஜினை இறக்கிப் பிரிக்கணும் என்றும் சொல்கிறார். வேறு வழி உண்டா?

பதில்: கடைசியில் இறக்க வேண்டியும் வரலாம். ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றில் பாதியை நீங்களே பார்த்துவிடலாம்.

முதலில், ஆயில் எரிகிறதா, ஒழுகுகிறதா என்று தெரியவேண்டும். வால்வு கவர் கேஸ்கெட்டில் கசியும் ஆயில் சூடான எக்ஸாஸ்ட் குழாயில் விழுந்து அங்கேயே தீய்ந்துவிடும். தரையில் ஒரு சொட்டும் இருக்காது, வாசனை மட்டும் வரும். என்ஜினைக் கழுவிவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தால் புதுக் கசிவு தெரிந்துவிடும். அளவையும் சரியாக எடுங்கள். சமதரையில் நிறுத்தி, சில நிமிடம் ஆயில் வடிந்த பிறகு டிப்ஸ்டிக்கின் மேல் கோடு வரை நிரப்பி, 1,000 கி.மீ. கழித்து அதே இடத்தில் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள். அதிகமாக ஊற்றினாலும் என்ஜின் குடிக்கும்.

அடுத்து, புகை எந்த நேரத்தில் வருகிறது என்று கவனியுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் ஒரு மூச்சு நீலப் புகை விட்டு அடங்கினால், வால்வின் தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பரான வால்வு ஸ்டெம் சீல் மேல்தான் முதல் சந்தேகம். அந்த ரப்பர் சூட்டில் இறுகிப்போய், மேலே தேங்கும் ஆயிலைக் கீழே சொட்டவிடும். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு வந்து, மறுபடி அதை மிதிக்கும்போது புகை தள்ளினாலும் சீலையோ, வால்வு தண்டு ஓடும் குழலான வால்வு கைடையோ பார்க்க வேண்டும். ஆனால் இதைப் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையமான ரிங்கும் செய்யும். மேட்டில் ஏறும்போது விடாமல் புகை வந்தால் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்மானம். டர்போ இருந்தால் அதன் சீலும் பட்டியலில் சேரும். வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே போகிறது. கறுப்பென்றால் எரிபொருள் அதிகம். இரண்டும் வேறு கதை.

உங்கள் காலைப் புகை சீலைத்தான் கை காட்டுகிறது. ஆனால் 1,200 கி.மீ.க்கு ஒரு லிட்டர் என்பது சீல் மட்டும் குடிக்கும் அளவாக எனக்குப் படவில்லை. அப்புறம் புகை தெரியவில்லை என்பதற்காக எரியவில்லை என்றும் ஆகாது. எக்ஸாஸ்ட் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடேறியதும் ஆயில் புகையைப் பெருமளவு எரித்துவிடும். அப்படி எரித்தே அதுவும் சீக்கிரம் பாழாகும்.

இனி கம்ப்ரஷன் விஷயம். பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான். பிஸ்டனில் மேலே இருக்கும் இரண்டு ரிங்தான் அழுத்தத்தைப் பிடிக்கின்றன. சுவரில் ஒட்டிய ஆயிலை வழித்து இறக்குவது மூன்றாவதான ஆயில் ரிங்கின் வேலை. பழைய ஆயிலை மாற்றாமல் இழுத்து ஓட்டினால், அந்த ரிங்கின் பள்ளமும் ஆயில் திரும்பும் துளைகளும் கரியால் அடைத்து, ரிங் அசையாமல் மாட்டிக்கொள்ளும். அப்போது கம்ப்ரஷன் மீட்டர் எல்லாம் சரி என்றே காட்டும், ஆயில் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். உங்கள் என்ஜினிலும் இப்படி நடக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். முனையில் கரியும் ஆயில் பிசுக்கும் எந்த சிலிண்டரில் அதிகமோ அங்கேதான் ஆயில் ஏறுகிறது. பிளக் குழிக்குள் மட்டும் ஆயில் நின்றால் பயப்படாதீர்கள், அது மேல் கவர் சீலின் கசிவு.

இதற்கு நடுவே, பலரும் கடைசியில் நினைத்துப் பார்க்கிற பிசிவி வால்வை நான் முதலில் மாற்றிவிடுவேன். கிராங்க்கேஸில் (என்ஜினின் அடிப்பகுதியில்) சேரும் காற்றை வெளியேற்றும் சின்ன வால்வு அது. அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் கிடைத்த வழியில் ஏறும். என்ஜின் ஐடிலில் இருக்கும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். பலமாக ஊதித் தள்ளினால் பிசிவி அடைப்போ ரிங் தேய்மானமோ இருக்கும். மூடியைத் தூக்கவே முடியாதபடி இழுத்தால் பிசிவியின் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கலாம்.

பிசிவி மாற்றியும் குறையவில்லையென்றால், ஆயில் ரிங்கை ஊறவைத்துப் பார்க்கலாம். பிளக் துளை வழியே கரி கரைக்கும் திரவத்தை ஊற்றி ஒரு ராத்திரி விட வேண்டும். மறுநாள், பிளக்குகளைக் கழற்றியபடியே, துணி போட்டு மூடிக்கொண்டு என்ஜினைச் சுழற்றி மிச்சத்தை வெளியேற்ற வேண்டும். பிளக் மாட்டிச் சுழற்றினால் திரவம் அமுங்காமல் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றியே ஆகவேண்டும். சில என்ஜினில் அருமையாகப் பலிக்கும், சிலதில் ஒன்றும் நடக்காது. இறக்குவதற்கு முன்னால் ஒரு முறை முயன்று பார்ப்பதில் தப்பில்லை.

வால்வு சீலுக்கும் எப்போதும் ஹெட்டை (என்ஜினின் மேல்பகுதியை) இறக்கத் தேவையில்லை. பல என்ஜின்களில் பிளக் துளையில் காற்றழுத்தம் கொடுத்து, வால்வு கீழே விழாமல் பிடித்துக்கொண்டு மேலிருந்தே சீலை மாற்றிவிடலாம். அப்போதே வால்வை அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கைடு லூசாக இருந்தால் புது சீல் அதிக நாள் தாங்காது.

கெட்டியான ஆயில் ஊற்றினால் சரியாகிவிடும் என்பார்கள். கையேட்டில் அனுமதித்த கிரேடுகளுக்குள் ஒரு படி மேலே போகலாம். அதைத் தாண்டினால் குளிர் ஸ்டார்ட்டில் ஆயில் மேலே ஏறத் தாமதமாகும்.

இதெல்லாம் செய்தும் தீரவில்லை என்றால்தான் என்ஜினை இறக்க வேண்டும். அப்போதும் போரை அளக்காமல் புது ரிங் மட்டும் போடச் சம்மதிக்காதீர்கள். முட்டை வடிவமாகத் தேய்ந்த சிலிண்டரில் வட்டமான ரிங் உட்காராது. தேய்மானம் அளவுக்குள் இருந்தால் ஹோனிங் (சுவரை லேசாக உரசிச் சீராக்குவது) போதும், இல்லையென்றால் ரீபோர் செய்து, அதாவது துளையைப் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும்.

அதுவரை ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். டேஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கு அழுத்தத்தைக் காட்டுவது, அளவை அல்ல. அது எரியும்போது பேரிங்குகள் ஏற்கனவே காய்ந்து ஓட ஆரம்பித்திருக்கும்.